தன்னிடம் இல்லாத சரக்கை இரண்டு முறை விற்றவர்

விவசாயத்தில் பெரும் பணக்காரரான ஒருவரைப் பற்றிச் சொன்னால் எம்மவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை ஏக்கர்?" என்பதுதான். இந்த வாரம் நாம் பார்க்கப் போகும் மனிதரிடம் பிற்காலத்தில் ஏக்கர்களுக்குக் குறைவிருக்கவில்லை. ஆனால் அவருடைய செல்வத்தின் பெரும்பகுதி ஏக்கரிலிருந்து வரவில்லை. வயலுக்கும் சாப்பாட்டுத் தட்டுக்கும் இடையே கிடக்கும் நீண்ட தூரத்திலிருந்தே வந்தது.

அவர் பெயர் ஜோன் ரிச்சர்ட் சிம்ப்ளட். அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்து உருளைக்கிழங்கு வர்த்தகர். எட்டாம் வகுப்போடு பாடசாலையை விட்டவர். 2008 மே 25ஆம் திகதி தனது 99ஆவது வயதில் காலமானார். அதற்குச் சில மாதங்களுக்கு முன்னர் அவரது சொத்தை 'ஃபோர்ப்ஸ்' சஞ்சிகை சுமார் 360 கோடி டொலர் என மதிப்பிட்டிருந்தது. மெக்டொனால்ட்ஸ் கடைகளில் விற்கப்படும் உருளைக்கிழங்குப் பொரியலை உறைய வைத்த நிலையில் பெருமளவில் வழங்கியவர் என்று சொன்னால் இளம் வாசகர்களுக்கு உடனே விளங்கும்.

ஒரு முஸ்லிம் வார இதழில் இவரைப் பற்றி ஏன் எழுத வேண்டும் என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஏனெனில் இவரது ஆரம்ப முதலீடு வந்த வழிகளைப் பார்த்தால் முதலாவது கடன் பத்திரத்தைக் கழிவு விலைக்கு வாங்கி விற்றது. இரண்டாவது பன்றி வளர்ப்பு. மூன்றாவது நாணயம் சுண்டிப் பார்த்தது. மூன்றும் எமக்கு அடைபட்ட கதவுகள். எனினும் இவரது நீண்ட வாழ்வில் இரண்டு வியாபாரங்கள் நடந்தன. இரண்டிலும் அவர் விற்றது தன் கையில் இல்லாத சரக்கை. ஒன்று அவரைத் தொழிற்சாலை முதலாளியாக்கியது. மற்றது அவரைச் சந்தையிலிருந்தே வெளியேற்றியது. இந்த இரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாடு இஸ்லாமிய வர்த்தகச் சட்டத்தைப் படிப்பவர்களுக்கு மிகவும் பழக்கமான ஒன்று. அதற்காகவே இவரை எடுத்துக் கொண்டோம்.

பதினான்கு வயதில் வீட்டை விட்டு

சிம்ப்ளட் 1909 ஜனவரி 4ஆம் திகதி அயோவா மாநிலத்தில் பிறந்தார். அவர் கைக்குழந்தையாக இருக்கும்போதே குடும்பம் ஐடஹோவின் டெக்லோ என்ற சிற்றூருக்குக் குடிபெயர்ந்தது. அது வறண்ட புதர்க்காட்டுப் பிரதேசம். ஸ்னேக் ஆற்றின் குறுக்கே மினிடோகா அணையை அரசாங்கம் 1906 இல் கட்டி முடித்த பிறகுதான் அங்கு பயிர்ச்செய்கை சாத்தியமாயிற்று. எரிமலைச் சாம்பல் கலந்த மண், மலையிலிருந்து வரும் தண்ணீர், பகலில் வெயில், இரவில் குளிர். உருளைக்கிழங்குக்கு இதைவிட நல்ல இடம் அமைவது கடினம்.

தந்தை கண்டிப்பானவர். அவரோடு ஒத்துப் போகாமல் 14 வயதில் பாடசாலையையும் வீட்டையும் விட்டு வெளியேறிய சிறுவன், டெக்லோவிலேயே நாளொன்றுக்கு ஒரு டொலர் வாடகையில் ஒரு விடுதியில் தங்கினான். அங்கே ஆசிரியர்கள் சிலரும் தங்கியிருந்தனர். அரசிடம் பணத் தட்டுப்பாடு இருந்ததால் அவர்களுக்குச் சம்பளம் காசாகக் கிடைக்கவில்லை. பின்னொரு நாளில் வட்டியோடு பணம் தரப்படும் என்ற பத்திரமாகக் கிடைத்தது. வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் பத்திரம் உதவாதல்லவா? சிறுவன் சிம்ப்ளட் டொலருக்கு 50 சதம் கொடுத்து அவற்றை வாங்கினான். பின்னர் உள்ளூர் வங்கிக்கு 90 சதத்துக்கு விற்றான்.

பதினான்கு வயதில் இந்தச் சாமர்த்தியம் என்று புகழ்ந்து எழுதுவோர் பலர். எமது பார்வையில் இது பணக் கடனைக் குறைந்த பணத்துக்கு வாங்குவது. அறிஞர்களில் பெரும்பாலோர் இதனை அனுமதிப்பதில்லை. சம்பளத்துக்குத் தவித்த ஆசிரியரின் நிலையை எண்ணிப் பார்த்தாலே அதன் காரணம் புரியும். இன்றும் காசோலையைக் கழித்துக் கொடுக்கும் வியாபாரம் எம் கடைத்தெருக்களில் நடப்பதால் இதனைக் கடந்து போக மனம் வரவில்லை.

அந்தப் பணத்தைக் கொண்டு, விலை விழுந்து கிடந்த நேரத்தில் தலைக்கு ஒரு டொலர் வீதம் 600 பன்றிகளை வாங்கினார். தீனி வாங்கக் காசில்லை. காட்டுக் குதிரைகளைச் சுட்டு, தோலை இரண்டு டொலருக்கு விற்று, இறைச்சியையும் விவசாயிகள் கழித்து ஒதுக்கிய உருளைக்கிழங்கையும் ஒன்றாக அவித்துத் தீனியாகப் போட்டார். அடுப்பெரிக்கப் பாலைநிலப் புதர். குளிர்காலம் முடிந்ததும் பன்றியொன்று 12.50 டொலர் வீதம் விற்றது.

பன்றியை விடுங்கள். கழித்து ஒதுக்கிய அந்தக் கிழங்கை மட்டும் நினைவில் வைத்துக் கொள்ளுங்கள். இவருடைய வாழ்க்கையில் அது திரும்பத் திரும்ப வரும்.

ஒரு இயந்திரமும் இரண்டு பங்காளிகளும்

பதினாறு வயதில் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து உருளைக்கிழங்கு பயிரிட்டார். 1928 இல் கிழங்குகளைத் தரம் பிரிக்கும் மின்சார இயந்திரம் ஒன்று வந்திருப்பதாகக் கேள்விப்பட்டு, தனக்கு நிலம் தந்தவரோடு கூட்டாக 254 டொலருக்கு அதை வாங்கினார். அதுவரை பெரியது, சிறியது, வெட்டுப்பட்டது, அழுகியது என்று கையால் பிரிக்கும் வேலை ஆட்களையும் நாட்களையும் விழுங்கிக் கொண்டிருந்தது.

நான்காம் குறுக்குத் தெருவில் வெங்காய மூடை பிரித்துப் பார்த்த அனுபவமுள்ளவர்களுக்கு இதன் பெறுமதி தெரியும். கலந்து கிடக்கும் மூடைக்கு அதிலுள்ள மட்டமான காயின் விலைதான் பேசப்படும். பிரித்து அடுக்கினால் அதே சரக்கில் மூன்று விலை வரும். விளைச்சல் ஒரு கிலோ கூடவில்லை. ஆனாலும் வருமானம் கூடுகிறது.

சிம்ப்ளட் அந்த இயந்திரத்தால் அயல் விவசாயிகளுக்கும் கிழங்கு பிரித்துக் கொடுக்கத் தொடங்கினார். பங்காளிக்கு அது பிடிக்கவில்லை. கூட்டுச் சொத்தை வெளியாருக்குப் பயன்படுத்தலாமா, அப்படிச் செய்தால் கூலி யாருக்கு என்பதெல்லாம் வாங்கும்போது பேசப்படவில்லை. சண்டை முற்றியது. இறுதியில் நாணயத்தைச் சுண்டிப் பார்த்து, வென்றவர் இயந்திரத்தை எடுப்பது என்று முடிவாயிற்று. சிம்ப்ளட் வென்றார்.

சமமாகப் பிரித்த பங்குகளில் எது யாருக்கு என்பதற்குச் சீட்டுப் போட்டுப் பார்ப்பதை மார்க்கம் தடுக்கவில்லை. ஆனால் இங்கே நடந்தது வேறு. ஒருவருடைய பாதிப் பங்கு எந்த ஈடுமின்றி மற்றவரிடம் போய்ச் சேர்ந்தது. அது சூதாட்டத்தின் சாயல் கொண்டது. பாதி விலையான 127 டொலரை ஒருவர் மற்றவருக்குக் கொடுத்திருந்தால் விடயம் முடிந்திருக்கும். சகோதரர்கள், மச்சான்மார் கூட்டாக லொறியோ இயந்திரமோ வாங்கும்போது இந்த ஒரு வரியை எழுதி வைக்காததால் குடும்பங்கள் பேச்சுவார்த்தையின்றிப் போன கதைகள் எம் ஊர்களில் எத்தனையோ.

இயந்திரம் கைக்கு வந்ததும் சிம்ப்ளட் செய்த காரியம் கவனிக்கத்தக்கது. தன்னிடமிருந்த விவசாயக் கருவிகளை விற்றுவிட்டார். டெக்லோவில் ஒரு நிலவறையில் கிழங்கு பிரித்து அனுப்பும் வியாபாரத்தைத் தொடங்கினார். அவரது நிறுவனம் 1929 ஐ தனது தொடக்க ஆண்டாகக் கொள்கிறது. உலகப் பொருளாதார நெருக்கடி ஆரம்பித்த ஆண்டும் அதுதான். பத்தாண்டு கழிந்தபோது ஐடஹோ, ஒரிகன் ஆகிய இரு மாநிலங்களிலும் அவருக்கு 33 களஞ்சியசாலைகள் இருந்தன.

முதலாவது விற்பனை: வெங்காயம், 1940

இனி விடயத்துக்கு வருவோம்.

சிம்ப்ளட் உருளைக்கிழங்கோடு வெங்காயமும் அனுப்பி வந்தார். கலிபோர்னியாவில் பேர்க்லி நகரிலிருந்த ஒருவர் இவரிடம் கழிவு வெங்காயத்தை வாங்கிக் கொண்டே இருந்தார். பணம் மட்டும் வரவில்லை. பாக்கி பல ஆயிரம் டொலராக ஏறியதும் 1940 இல் நேரே புறப்பட்டுப் போனார். காரியாலயத்தில் முதலாளி இல்லை. உட்கார்ந்து காத்திருந்தார்.

அதே ஆளைத் தேடி இன்னொருவரும் வந்து உட்கார்ந்தார். அவர் சிகாகோவைச் சேர்ந்த வியாபாரி. உலர்த்திய வெங்காயத் தூளுக்கும் செதிலுக்கும் சொல்லி வைத்துவிட்டு, சரக்கு வராத கோபத்தில் இருந்தார். கடன் வசூலிக்கப் போன சிம்ப்ளட்டுக்கு அப்போதுதான் ஒன்று விளங்கியது. தான் கழிவென்று மலிவாகத் தள்ளிவிடும் வெங்காயம் எங்கே போகிறது, அது என்னவாக மாறுகிறது, அதற்காக யார் காத்திருக்கிறார் என்பது.

காத்திருந்த முதலாளி வரவில்லை. மதியமானதும் சிம்ப்ளட் அந்த வியாபாரியைச் சாப்பிட அழைத்துச் சென்றார். நான் தருகிறேன் என்றார். ஒரு கடித உறையின் பின்புறத்தில் ஒப்பந்தம் எழுதப்பட்டது. தூளும் செதிலுமாக மொத்தம் 5 இலட்சம் இறாத்தல்.

அந்த நிமிடத்தில் அவரிடம் உலர்த்தும் இயந்திரம் கிடையாது. தொழிற்சாலை கிடையாது. வெங்காயத்தை உலர்த்துவது எப்படி என்ற அறிவும் கிடையாது. கலிபோர்னியாவில் பிளம்ஸ் பழம் உலர்த்தும் இயந்திரங்களைப் பார்த்து, அதே முறையை வெங்காயத்துக்குக் கொண்டு வந்தார். ஐடஹோவின் கோல்ட்வெல் என்ற ஊரில் தொழிற்சாலை எழும்பி 1941 ஒக்டோபரில் இயங்கத் தொடங்கியது. சொன்ன சரக்கு உற்பத்தியாயிற்று.

இரண்டே மாதத்தில், அந்த டிசம்பரில், அமெரிக்கா இரண்டாம் உலகப் போரில் இறங்கியது. கடல் கடந்து நிற்கும் படைக்கு உருளைக்கிழங்கு வேண்டும். பச்சைக் கிழங்கில் பெரும்பகுதி தண்ணீர். அதைக் கப்பலில் ஏற்றுவது தண்ணீரை ஏற்றுவது போலத்தான். வெங்காயம் உலர்த்திய கோல்ட்வெல் கிழங்கும் உலர்த்தியது. போர் முடியும்போது அமெரிக்கப் படையினர் உண்ட உலர்த்திய உருளைக்கிழங்கில் மூன்றிலொரு பங்கு அளவு இவரிடமிருந்து போயிருந்தது.

சட்டம் என்ன சொல்கிறது?

கையில் இல்லாததை விற்கக் கூடாது என்று நபி (ஸல்) அவர்கள் ஹகீம் இப்னு ஹிஸாம் (ரழி) அவர்களுக்குக் கூறியதை நாம் அறிவோம். அப்படியானால் கடித உறையில் எழுதிய அந்த வெங்காய ஒப்பந்தமும் தவறல்லவா?

இங்கே அவசரப்படக் கூடாது. நபி (ஸல்) அவர்கள் மதீனாவுக்கு வந்தபோது அங்குள்ளவர்கள் ஒரு வருடம், இரண்டு வருடம் கழித்து வரும் பேரீச்சம் பழத்துக்கு முன்கூட்டியே பணம் கொடுத்து வந்தனர். அதனை அவர்கள் தடை செய்யவில்லை. அளவும் நிறையும் தவணையும் தெரிந்ததாக இருக்கட்டும் என்று ஒழுங்குபடுத்தினார்கள். இதுவே 'ஸலம்' எனும் வியாபாரம். விவசாயிக்கு விதைக்கப் பணம் வேண்டும், வியாபாரிக்குப் பின்னர் சரக்கு வேண்டும். இரண்டு தேவையும் வட்டியின்றிச் சந்திக்கும் இடம் அது. இதற்கு முழு விலையும் ஒப்பந்தம் பேசும்போதே கைமாற வேண்டும். இன்ன மரத்தின் காய், இன்ன தோட்டத்து விளைச்சல் என்று குறுக்கிவிடக் கூடாது. ஏனெனில் அந்த மரம் பட்டுப் போகலாம். இன்ன இனம், இன்ன தரம், இத்தனை நிறை, இன்ன தினம், இன்ன இடம் என்றே பேச வேண்டும்.

மற்றொன்று 'இஸ்திஸ்னா'. ஒரு பொருளைச் செய்து தரும்படி சொல்லி வைப்பது. தையற்காரரிடமும் தச்சரிடமும் நாம் நாளாந்தம் செய்வது இதைத்தான். ஹனபி மத்ஹபினர் இதனைத் தனி ஒப்பந்தமாக ஏற்றனர். எமது ஷாபிஈ மத்ஹபின் பழைய நூல்கள் இதனை ஸலமின் நிபந்தனைகளுக்குள்ளேயே பார்க்கின்றன. 1992 இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய பிக்ஹு அகடமி, பொருளின் தன்மையும் அளவும் தவணையும் தெளிவாக இருப்பின் இஸ்திஸ்னா செல்லும் என்றும், விலையைப் பின்னர் அல்லது தவணையாகச் செலுத்தலாம் என்றும் தீர்மானித்தது. தொழிற்சாலை யுகத்துக்கு இது பெரிய வாசல்.

சிம்ப்ளட்டுக்கு இவை எதுவும் தெரிந்திருக்க நியாயமில்லை. ஆயினும் அவர் செய்தது இஸ்திஸ்னாவை ஒத்திருக்கிறது. பொருள் இன்னதென்று தெரியும். அளவு தெரியும். செய்து கொடுக்கும் பொறுப்பு அவருடையது. வாங்குபவருக்கு உண்மையாகவே வெங்காயத் தூள் தேவைப்பட்டது. இவரும் உண்மையாகவே அதைச் செய்து கொடுக்கப் புறப்பட்டார்.

எம்மவரில் சிலர் மரக்கறி விவசாயிகளுக்கு விதைக்கும் உரத்துக்கும் முற்பணம் கொடுப்பதுண்டு. விலை என்ன என்று கேட்டால், "அறுவடை நாளில் சந்தை என்ன சொல்கிறதோ அது" என்பார்கள். சரக்கைத் தனக்கே தர வேண்டும், அதுவும் சந்தையைவிடக் கொஞ்சம் குறைத்து என்பது வாய்மொழி நிபந்தனை. இது ஸலமும் அல்ல, கடனும் அல்ல. கடனாக இருந்தால் அந்தக் கழிவு வட்டியின் இடத்தில் வந்து நிற்கும். விலையையும் நிறையையும் அன்றே பேசி, முழுப் பணத்தையும் அன்றே கொடுத்துவிட்டால் அது ஸலம். அப்போது விலை ஏறினால் இலாபம் வியாபாரிக்கு, விழுந்தால் நட்டமும் அவருக்கே. அந்த நட்டத்தை ஏற்க மனமில்லாததால்தான் பலர் விலையைப் பேசாமல் விடுகிறார்கள் என்பது எனது அபிப்பிராயம்.

தோலும் காசாகும்

உலர்த்தும் தொழிற்சாலையில் மலை போலக் குவிந்தது கிழங்குத் தோல். அதை முதலில் பன்றிக்கும் பின்னர் மாட்டுக்கும் போட்டார். காலப்போக்கில் மாட்டுப் பண்ணையே பெரிய வியாபாரமாயிற்று. போர்க்காலத்தில் உரம் கிடைக்கவில்லை. எனவே பொகட்டெல்லோ நகரில் 1944 இல் சொந்தமாக உரத் தொழிற்சாலை அமைத்தார். அதற்கான பொஸ்பேட் பாறை, அருகே செவ்விந்தியருக்கென ஒதுக்கப்பட்ட ஃபோர்ட் ஹோல் நிலப்பரப்பில் அகழப்பட்டது. பெட்டிக்குப் பலகை கிடைக்கவில்லை. மரம் அரியும் ஆலைகளை வாங்கினார். போர் முடிந்த 1945 இல் அவருக்கு வயது 36. தன் கிழங்கைத் தன் உரத்தால் வளர்த்து, தன் தொழிற்சாலையில் பக்குவப்படுத்தி, தன் பலகைப் பெட்டியில் அனுப்பி, மிச்சத்தைத் தன் மாட்டுக்குப் போடும் நிலைக்கு வந்திருந்தார்.

இவற்றில் எதையும் அவர் ஆசைக்காக ஆரம்பிக்கவில்லை. ஏதோ ஒன்று தட்டுப்பட்டது, அல்லது ஏதோ ஒன்று மிஞ்சிப் போனது. அந்தத் தட்டுப்பாட்டிலிருந்தும் மிச்சத்திலிருந்தும் ஒவ்வொரு தொழிலும் முளைத்தது. பக்கத்துக் கடைக்காரர் ஹாட்வெயார் போட்டார் என்று நாமும் ஹாட்வெயார் போடுவதற்கும் இதற்கும் நிறைய வித்தியாசம் உண்டு.

உறைய வைத்த பொரியல் அவருடைய சொந்த யோசனை அல்ல. அவரிடம் வேலை செய்த இரசாயனவியலாளர் ரே டன்லப் அதைச் செய்து பார்க்கக் கேட்டபோது, உறைந்த கிழங்கு கூழாகிவிடும் என்று சிம்ப்ளட் நம்பவில்லை. ஆனாலும் தடுக்கவில்லை. கிழங்கை முன்கூட்டியே இளம் பதத்தில் பொரித்துப் பின் உறைய வைத்தபோது அது சரிவந்தது. 1950களின் ஆரம்பத்தில் விற்பனைக்கு வந்த பொருள் வீடுகளில் எடுபடவில்லை. வீட்டில் எண்ணெய்ச் சட்டி வைத்துப் பொரிக்க வேண்டியிருந்தது ஒரு காரணம். உணவகங்களே சரியான வாடிக்கையாளர் என்பது பின்னர்தான் தெரிந்தது.

மெக்டொனால்ட்ஸ் அக்காலத்தில் ஒவ்வொரு கடையிலும் பச்சைக் கிழங்கைத் தோல் சீவி வெட்டிப் பொரித்தது. அவர்கள் விரும்பிய ரசட் பேர்பேங்க் இனம் இலையுதிர் காலத்தில் அறுவடையாகும். கோடை வரை வைத்திருக்க முடியாது. கோடையில் வேறு இனம் வாங்க வேண்டும், சுவை மாறும். ஒவ்வொரு ஊருக்கும் ஒவ்வொரு வழங்குநர். 1967 இல் அந்நிறுவனத்தின் தலைவர் ரே குரொக்கும் சிம்ப்ளட்டும் கைகுலுக்கிப் பேசி முடித்தனர். அந்த வார்த்தையை நம்பியே மெக்டொனால்ட்ஸுக்கென்று தனியான ஒரு தொழிற்சாலையைச் சிம்ப்ளட் கட்டினார். கடைகள் பெருகப் பெருக இவரும் பெருகினார்.

இரண்டாவது விற்பனை: கிழங்கு, 1976

இப்படிப்பட்டவர் உருளைக்கிழங்கு கொடுக்க முடியாமல் நின்றார் என்றால் நம்ப முடிகிறதா?

நியூயோர்க் மேர்க்கன்டைல் எக்ஸ்சேஞ்ச் என்ற சந்தையில் எதிர்காலத் தவணைக்குக் கிழங்கு விற்கும் ஒப்பந்தங்கள் நடந்து வந்தன. அங்கு பேசப்படும் கிழங்கு அமெரிக்காவின் கிழக்கு மூலையிலுள்ள மெய்ன் மாநிலத்துக் கிழங்கு. ஒரு ஒப்பந்தம் 50,000 இறாத்தல். மே மாதம் தருகிறேன் என்று ஒருவர் விற்பார், மற்றவர் வாங்குவார். அன்று கைமாறுவது சிறு தொகைப் பிணைப் பணம் மட்டுமே. விலையும் தவணையில், சரக்கும் தவணையில். தவணை வருமுன் விற்றவர் திருப்பி வாங்கி, விலை வித்தியாசத்தைக் கொடுத்தோ எடுத்தோ கணக்கை முடித்துக் கொள்வதே வழக்கம். கிழங்கைக் கண்ணால் காண்பவர்கள் சிலரே.

1976 மே தவணைக்கு, விலை இறங்கும் என்ற கணிப்பில் சிம்ப்ளட்டும் மேற்குப் பகுதிக் கிழங்கு வர்த்தகர் சிலரும் பெருமளவில் விற்று வைத்தனர். விலை இறங்கவில்லை. தவணை முடியும் நேரத்தில் இவர்கள் திருப்பி வாங்கவும் இல்லை, மெய்ன் கிழங்கைத் தேடிக் கொண்டு வந்து கொடுக்கவும் இல்லை. சுமார் 1,000 ஒப்பந்தங்கள், அதாவது ஏறத்தாழ 5 கோடி இறாத்தல் கிழங்கு கொடுபடாமல் நின்றது. அமெரிக்கத் தவணைச் சந்தை வரலாற்றில் அதுவரை நடந்த மிகப்பெரிய வாக்கு மீறல் என்று அது பதிவாயிற்று. ஐடஹோவில் சிம்ப்ளட்டின் களஞ்சியங்களில் கிழங்குக்குப் பஞ்சமில்லை. ஆனால் ஒப்பந்தத்தில் எழுதியிருந்தது மெய்ன் கிழங்கு.

வாங்கியவர் பக்கமும் விளையாட்டு நடந்தது என்ற குற்றச்சாட்டுகள் எழுந்தன, வழக்குகள் நீண்டன. அதற்குச் சற்று முன்னர்தான் அமைக்கப்பட்டிருந்த அரசாங்கத்தின் தவணைச் சந்தை ஆணைக்குழு சிம்ப்ளட்டுக்கு 50,000 டொலர் அபராதம் விதித்து, ஆறு ஆண்டுகளுக்குச் சந்தையில் வியாபாரம் செய்யத் தடையும் போட்டது. அந்தப் பரிவர்த்தனை நிலையத்தின் பெயரும் கெட்டது. 1978 இல் அது வீடுகளைச் சூடாக்கும் எண்ணெய்க்கான ஒப்பந்தங்களைத் தொடங்கியது. நாளடைவில் கிழங்கு ஒதுங்க, எண்ணெயே அதன் முக்கிய வியாபாரமாயிற்று.

வெங்காயத்தையும் கிழங்கையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டிலும் விற்ற கணத்தில் சரக்கு கையில் இல்லை. 1940 இல் எதிரே ஒரு மனிதர் இருந்தார். அவருக்கு வெங்காயத் தூள் வேண்டும். விற்றவருக்கு உலர்த்தும் இயந்திரம் தேடும் கவலை பிடித்துக் கொண்டது. 1976 இல் எதிரே யார் என்பது தெரியாது. வாங்கியவர்களில் எத்தனை பேருக்குக் கிழங்கு வேண்டும் என்பதும் தெரியாது. விற்றவருக்கு மெய்னில் ஒரு வயல்கூடத் தேவைப்படவில்லை, விலை இறங்கினால் போதும். முன்னையதில் இலாபம் வர வேண்டுமானால் ஒரு பொருள் உருவாக வேண்டும். பின்னையதில் இலாபம் வர வேண்டுமானால் மற்றவர் நட்டப்பட வேண்டும்.

மேலே சொன்ன பிக்ஹு அகடமியின் அதே 1992 அமர்வில்தான், இருபுறமும் தவணையாக நின்று வித்தியாசத்தில் முடியும் இந்தச் சந்தை ஒப்பந்தங்கள் ஆகாது என்ற தீர்மானமும் வந்தது. இஸ்திஸ்னாவுக்கு வாசலைத் திறந்தவர்களே இந்த வாசலை மூடினார்கள். எமது இளைஞர்கள் சிலர் கைத்தொலைபேசியில் தங்கத்தையும் எண்ணெயையும் வாங்கி விற்பதாகச் சொல்லும்போது, வாங்கியது எங்கே இருக்கிறது, யார் கொண்டு வந்து தருவார் என்று கேட்டுப் பார்க்கலாம்.

மற்றவை

அவரைப் பற்றிய கறுப்புப் பக்கங்கள் வேறும் உண்டு. வருமானத்தை முழுமையாகக் காட்டாத வழக்கில் 1977 இல் குற்றச்சாட்டை எதிர்த்து வாதாடாமல் அபராதம் கட்டினார். பொகட்டெல்லோவில் அவரது உரத் தொழிற்சாலையும் அயலிலிருந்த மற்றொரு நிறுவனத்தின் ஆலையும் மண்ணையும் நிலத்தடி நீரையும் கெடுத்ததால், 1990 இல் அப்பகுதி நாட்டில் முதன்மையாகச் சுத்திகரிக்க வேண்டிய இடங்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டது. தோலைக்கூட வீணாக்காத மனிதரின் தொழிற்சாலை நிலத்தடி நீரை வீணாக்கியது.

1980 இல் 71 வயதில் அவர் செய்த ஒரு முதலீடும் பேசப்படுகிறது. போய்சி நகரில் கணினி நினைவகச் சில்லு செய்ய முனைந்த இளைஞர்களுக்கு 10 இலட்சம் டொலர் கொடுத்துப் பங்காளியானார். சில்லு என்றால் என்னவென்று தெரியாத வயோதிபர் என்று சிரித்தார்கள். மைக்ரோன் என்ற அந்த நிறுவனம் பின்னர் உலகின் பெரிய சில்லு உற்பத்தியாளர்களில் ஒன்றாக வளர்ந்தது. கடனாகக் கொடுத்து வட்டி வாங்கவில்லை, இலாபத்திலும் நட்டத்திலும் பங்கெடுத்தார் என்பதையே நாம் இதில் கவனிக்க வேண்டும்.

மதுவோ சிகரட்டோ தொடாதவர் என்று அறியப்பட்டவர். தனது காரின் இலக்கத் தகட்டில் 'மிஸ்டர் ஸ்பட்' என்று போட்டிருந்தார். ஸ்பட் என்பது உருளைக்கிழங்குக்குப் பேச்சு வழக்கில் உள்ள பெயர். நிறுவனத்தைப் பங்குச் சந்தைக்குக் கொண்டு போகவே இல்லை. அது இன்றும் குடும்பத்தின் கையிலேயே இருக்கிறது. அவர் மறைந்து ஆறு ஆண்டுகளின் பின்னர், 2014 இல், பழைய ஆலைகளுக்குப் பதிலாகப் பெரியதொரு புதிய உருளைக்கிழங்குத் தொழிற்சாலையை அந்நிறுவனம் திறந்தது. அதுவும் கோல்ட்வெல்லில்தான். கடித உறையில் எழுதிக் கொடுத்த வெங்காயத்துக்காக அவர் முதல் ஆலையைக் கட்டிய அதே ஊர்.